உள்ளேயா, வெளியேயா?

கடந்த பருவ விடுமுறையின்போது டுரியான் துங்காலில் இருக்கும் என் அக்காள் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை அக்காள் சமையற்கட்டில் இருந்தார். அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியில் மூழ்கியிருந்தேன். "மாமா, இங்க பாருங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அக்காளின் நான்கு வயது மகன் சன்னல் கிரில்லில் பல்லியைப்போல ஒட்டிக்கொண்டு, திரைச்சீலைக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தான். நான் எழுவதற்குள் அவன் கை வழுக்கிவிட்டது. கீழே இருந்தது பளபளவென்று துடைத்து வைத்த மார்பிள் தரை.

அன்றிரவு மருத்துவமனையில் அவன் கீழுதட்டில் மூன்று தையல்கள் போட்டார்கள். தலையில் அடி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அக்காளுக்கு அழுகை வந்தது. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. மூன்று பெரியவர்கள் இருந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளை விழுந்தான் என்ற நினைப்பு மூவருக்கும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் முதல் சட்டம் போடப்பட்டது: "இனிமே கிரில்ல கைய வெக்கக்கூடாது!" அந்தச் சட்டம் மதியம்வரை தாக்குப்பிடித்தது. தையல் போட்ட உதட்டோடு அவன் மறுபடியும் கிரில்லின் இரண்டாம் கம்பியில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றாம் ஆண்டு படிக்கும் அவன் அக்காள் கீழே நின்று, "இன்னும் மேல போ!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் வீட்டில் விவாதம் தொடங்கியது. பிள்ளைகள் ஏறத்தான் போகிறார்கள். ஏறுவதற்கென்று ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன? இதில் அக்காளுக்கும் அத்தானுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. அத்தானுக்கு வெளியே வைக்க வேண்டும். ஜாசினில் அவருக்குத் தெரிந்த வெல்டிங் கடைக்காரர் ஏழு அடி உயரத்தில் இரும்புக் குழாயில் ஏணியும் தொங்கும் கம்பிகளும் வைத்துச் செய்து தருவாராம். "பிள்ளைங்க வெயில் படணும், காத்து படணும்" என்றார் அவர். அக்காளுக்கு உள்ளே வைக்க வேண்டும். இணையத்தில் மரத்தாலான முக்கோண ஏணி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். "வெளிய வெச்சா யாரு பாத்துக்கறது? நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அப்பாவால கால் வலியோட ஓட முடியுமா?" என்றார். முடிவு சொல்லும் பொறுப்பு "யுனிவர்சிட்டி படிக்கிற தம்பி" என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது. அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கோ முதலில் சிரிப்புதான் வந்தது. ஏறுவதற்குக் காசு கொடுத்துப் பொருள் வாங்குவதா? ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பத்து வயதுவரை வளர்ந்தவன் நான். லயத்து வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரம், பள்ளிக்குப் போகும் வழியில் மாமரம், கோயிலுக்குப் பக்கத்தில் கொய்யா மரம் என்று எங்களுக்கு மரங்களுக்குக் குறைவில்லை. எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை ஏமாற்றும் என்பது எங்களுக்கு வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டம் என்றாலே ரப்பர் மரம்தான். மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம், 1896ஆம் ஆண்டு இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பட்டது. அவ்வளவு நெடிய வரலாறு கொண்ட ரப்பர் மரத்தில் நாங்கள் ஏறியதே இல்லை. அதன் கிளை பலத்த காற்றுக்கே முறியும். மேலும், பால் வெட்டும் பட்டையில் பிள்ளைகளின் கால் பட்டுவிட்டால் கங்காணியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். முள் நிறைந்த மட்டைகளுக்கு நடுவே எந்தப் பிள்ளை ஏறும்? பிள்ளைகள் ஏறியது எல்லாம் வீட்டோரத்தில் பாட்டிமார் நட்டு வைத்த பழமரங்களில்தான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பழமரங்களைக் கொண்டுவர முடியவில்லை.

அக்காள் வீடு இருபது அடி அகலமுள்ள வரிசை வீடு. முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் துணி காயும் இடம். அந்தப் பிள்ளை கண்ட மரம் சன்னல் கிரில்தான். இதை யோசித்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. சரி, ஒழுங்காகவே விசாரித்து முடிவு சொல்வோம் என்று அமர்ந்தேன்.

படிக்கப் படிக்க ஒரு சுவையான செய்தி கிடைத்தது. இன்று உலகெங்கும் விளையாட்டுத் திடல்களில் நாம் காணும் கம்பிச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றவர் செபஸ்டியன் ஹிண்டன் என்ற அமெரிக்கர். சிகாகோவுக்கு அருகில் வின்னெட்கா என்ற ஊரில் 1920ஆம் ஆண்டு அவர் அதை வடிவமைத்தார். அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் சிறுவனாக ஜப்பானில் இருந்தபோது, கணித ஆசிரியரான அவருடைய அப்பா மூங்கில்களைக் கட்டி ஒரு சட்டம் செய்து கொடுத்திருக்கிறார். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளும் பிள்ளைகளின் மனத்தில் பதிய வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். எண்களைச் சொல்வார், பிள்ளைகள் அந்த மூங்கில் சந்திப்புக்கு ஏறிப் போக வேண்டும். பிள்ளைகள் கணிதத்தை எவ்வளவு கற்றார்களோ, ஏறுவதன் இன்பத்தை மட்டும் மறக்கவில்லை. ஆக, உலகத் திடல்களில் நிற்கும் அந்தச் சட்டத்தின் மூலம், ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்ததுதான். இதைச் சொன்னதும் அத்தான் தன் கட்சி வென்றுவிட்டதாகவே நினைத்தார்.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். வீட்டில் வைக்கும் விளையாட்டுச் சட்டங்களுக்கு அமெரிக்கப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் சில அளவுகளைப் பரிந்துரைக்கிறது. சட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடி வெற்றிடம் இருக்க வேண்டும். அத்தான் சொன்ன சட்டம் 5 அடிக்கு 5 அடி. இரு பக்கமும் ஆறாறு அடி சேர்த்தால் 17 அடிக்கு 17 அடி. வீட்டின் அகலமே 20 அடிதான். அந்த இடத்தில் சட்டத்தை வைத்தால் காரைச் சாலையில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பிள்ளை காரின் மேல்தான் விழும்.

இடம் கிடைத்தாலும் தரை ஒத்துக்கொள்ளாது. ஏறும் சட்டத்தைச் சிமெண்டின் மேலோ தார்ச்சாலையின் மேலோ வைக்கவே கூடாது. புல்தரை போதுமே என்று நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புல்லும் மண்ணும் மிதிபட்டு, வெயிலில் காய்ந்து இறுகிவிடுவதால் அவற்றையும் பாதுகாப்பான தரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. மணல், மரச்சீவல், ரப்பர்த் துகள் போன்றவற்றைக் குறைந்தது 9 அங்குல ஆழத்துக்கு நிரப்பி வைக்கச் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பள்ளியில் படித்த இயற்பியலை நினைவுபடுத்திக் கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிள்ளை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் என்றால் 22 கிலோமீட்டருக்கும் மேல். சைக்கிளில் வேகமாகப் போய்ச் சுவரில் மோதுவதற்குச் சமம் அது. மார்பிளும் சிமெண்டும் அந்த வேகத்தை நொடியில் நிறுத்திவிடும். அடியை வாங்குவது எலும்பு. ஒன்பது அங்குல மரச்சீவல் அதே வேகத்தை உள்வாங்கி, மெல்ல மெல்ல நிறுத்தும்.

"அப்போ மணல் கொட்டிடுவோம்" என்றார் அத்தான். "தாமான் பூனைங்க எல்லாம் இங்கதான் வந்து கழிவு பண்ணும்" என்றார் அக்காள் உடனே. அதுவும் உண்மைதான்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள் வேறு இருக்கின்றன. நண்பகல் வெயிலில் இரும்புக் கம்பியைத் தொட்டால் உள்ளங்கை பொரிந்துவிடும். பிளாஸ்டிக் சட்டமோ சில ஆண்டு வெயிலில் வெளிறி, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். குழாயின் வாயை மூடாமல் விட்டால் மழைநீர் உள்ளே தேங்கும். ஊஞ்சலுக்காகக் கட்டும் பழைய டயரிலும் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு நீரே தாராளம். வீட்டு வளாகத்தில் கொசு முட்டையிடும் இடம் கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரர் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வெல்டிங் கடையில் செய்யும் சட்டத்தில் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குக் கீழ் இருந்தால் பிள்ளையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இதை எத்தனை கடைக்காரர் அளந்து செய்வார்? உயரத்திலும் சிக்கல் இருந்தது. தொங்கும் கம்பிகள் பள்ளி செல்லும் வயதினருக்கு 84 அங்குலம், அதாவது 7 அடிவரை இருக்கலாம். நான்கு, ஐந்து வயதினருக்கு 60 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அத்தான் கேட்ட சட்டம் மகளுக்குச் சரி. மகனுக்கு அளவு மீறியது.

அத்தானின் முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதால், தைவான் அரசு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் செய்ய முயன்று வருகிறது. சன்னல் கிரில்லுக்குப் பின்னால் கிடைக்கும் வெளிச்சம் அதற்குப் போதாது. வெயிலும் காற்றும் வேண்டும் என்று அத்தான் சொன்னது வெறும் ஆசையல்ல.

அடுத்து அக்காளின் கட்சி. அவர் பார்த்து வைத்திருந்த முக்கோண ஏணிக்கு ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லரின் பெயர் வழங்குகிறது. குழந்தையைத் தூக்கி மேலே வைக்காதீர்கள், அது தானாக எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவே ஏறட்டும் என்பது அவருடைய கொள்கை. பெரியவர் தூக்கி வைத்த உயரத்திலிருந்து இறங்கப் பிள்ளைக்குத் தெரியாது. தானே ஏறிய பிள்ளைக்கு வந்த வழி தெரியும். ஜம்பு மரத்தில் நாங்களும் இதே விதியைத்தான் வைத்திருந்தோம். ஏற முடியாதவனை யாரும் தூக்கிவிட மாட்டோம். அவன் கீழே நின்று பழம் பொறுக்கினால் போதும்.

வீட்டுக்குள் வைப்பதற்கு நம் நாட்டில் வலுவான காரணங்கள் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு இடி மின்னலோடு மழை பிடித்தால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. புகைமூட்டத்தை நான் மறக்கவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜாசினை அடுத்துள்ள மூவாரில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அப்போது நாங்கள் தோட்டத்தில்தான் இருந்தோம். ஜம்பு மரம் இருபது அடி தூரத்தில் நின்றது. ஆனாலும் அம்மா கதவைத் திறக்க விடவில்லை. பிறகு 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. தாமான் திடலில் ஊஞ்சல்களை நாடா போட்டுக் கட்டி வைத்திருந்த காட்சி உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாள்களில் நாற்காலியும் மேசையும்தான் பல வீடுகளில் மலையாக இருந்தன.

அக்காள் காட்டிய ஏணி ரப்பர்ப் பலகையில் செய்தது. அதைப் பார்த்ததும் அப்பா முதன்முறையாக வாய் திறந்தார். "இத வெளிய மட்டும் வெச்சிடாதீங்க. கித்தா மரத்த வெட்டிப் போட்டா கொஞ்ச நாள்லயே நீலம் பூத்துடும், பூச்சி அரிச்சிடும்" என்றார். உண்மைதான். பால் வற்றிய மரங்களை அறுத்து, மருந்தேற்றி, உலர்த்திய பிறகுதான் மேசை நாற்காலிகள் செய்கிறார்கள். அந்த மருந்து மழையில் கரைந்து போகும். ஆகவே ரப்பர்ப் பலகை வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள். வெளியே மரத்தில் செய்ய வேண்டுமானால் செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரம் வேண்டும்; அதன் விலைக்கு நம் கை எட்டாது.

ஆனால் அக்காளின் திட்டத்திலும் ஓட்டை இருந்தது. ஏணியை அவர் வைக்க நினைத்த இடம் சன்னலுக்குக் கீழே. அதாவது கிரில்லுக்கு ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுப்பது போல. மெல்லிய நுரைப்பாய் ஒன்றை விரித்தால் போதும் என்றும் நினைத்தார். எவ்வளவு உயரத்துக்குத் தாங்கும் என்று சோதிக்கப்படாத பாயை நம்ப முடியாது. உள்ளே வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. அவன் உதடு கிழிந்தது வீட்டுக்குள்தானே?

இரண்டு நாள்கள் இப்படிக் கணக்குப் பார்த்தும் எனக்கு முடிவு வரவில்லை. அன்றிரவு எல்லாரும் தூங்கிய பிறகு முன்வாசலில் அப்பாவோடு அமர்ந்திருந்தேன். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே அப்பா, உள்ளவா வெளியவா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இடக்கையை நீட்டிக் காட்டினார்.

அப்பாவின் இடது முழங்கை முழுதாக நீளாது. சற்று வளைந்தே இருக்கும். சிறுவயது முதல் அதைப் பார்த்துப் பழகியதால், அது வேலை செய்து செய்து வளைந்த கை என்றே நினைத்திருந்தேன். அப்பா அன்றுதான் சொன்னார். 1970ஆம் ஆண்டு, அவருக்குப் பத்து வயது. லயத்துக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்திருக்கிறார். பெரிய உயரம்கூட இல்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேல். ஆனால் கீழே ஓடிய சிமெண்டுக் கால்வாயின் விளிம்பில் கை ஊன்றி விழுந்துவிட்டார். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கைவைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளை தடவிக் கட்டினார். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. பிள்ளைகள் கை ஊன்றி விழும்போது முழங்கையில் மிக அதிகமாக முறிவது அந்த இடம்தான் என்றும், சரியாகப் பொருத்தாவிட்டால் கை கோணலாகிவிடும் என்றும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"எனக்கு முன்னாடி என் கூட்டாளி ஒருத்தன் அதே மரத்துல உச்சியிலேருந்து விழுந்தான்பா. அந்தப் பக்கம் முழுக்க இலைக் குப்பை. எழுந்து மண்ணத் தட்டிட்டுப் போயிட்டான். நான் பாதியிலேருந்து விழுந்தேன். என் கை போச்சு." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. உயரத்தில் பால் வெட்டும் மரங்களுக்கு ஏணி வைத்து, இரண்டு கைகளையும் தூக்கிச் சீவ வேண்டும். அந்த வேலை அப்பாவுக்குக் கொடுக்கப்படவில்லை. கடைசிவரை அவர் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலையில்தான் இருந்தார். வருமானம் குறைந்ததற்குக் காரணம் என்னவென்று எங்களில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

"அப்போ எங்கள மட்டும் எப்படி ஜம்பு மரத்துல ஏற விட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஏறாதன்னா ஏறாம இருந்திருப்பீங்களா? நான் இல்லாதப்போ ஏறியிருப்பீங்க."

அப்போதுதான் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. வேலை முடிந்து வந்ததும் அப்பா லயத்தைச் சுற்றி உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டுவார். மற்றவர்கள் இலையைக் கூட்டி எரிப்பார்கள். அப்பா எரிக்காமல் ஜம்பு மரத்தடியில் கொண்டுபோய்ப் பரப்பி வைப்பார். பிறகு ஒரு குச்சியால் அந்தக் குவியலைக் கிளறிப் பார்ப்பார். "குப்பைய வீட்டுக்கிட்ட சேக்கறாரு, பாம்பு வரப்போவுது" என்று அம்மா திட்டாத நாளில்லை. அப்பா பதில் சொன்னதில்லை. சோம்பல்பட்டு எரிக்காமல் விடுகிறார் என்றே நானும் நினைத்தேன். குச்சியால் கிளறியது பாம்பும் தேளும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பதும், அந்த இலைக் குவியல் எங்களுக்காகத்தான் என்பதும் இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த முன்வாசலில்தான் எனக்குப் புரிந்தது. ஒன்பது அங்குல மரச்சீவல் என்று நான் இரண்டு நாள்களாகப் படித்துச் சொன்னதை, வளைந்த கையோடு துடைப்பம் பிடித்து அவர் ஒவ்வொரு மாலையும் செய்திருக்கிறார். பிறகு வாசற்படியில் அமர்ந்து, நாங்கள் இறங்கும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அதையும் ஓய்வு என்றே நினைத்திருந்தேன்.

உள்ளேயா வெளியேயா என்று நாங்கள் கேட்ட கேள்வியே அரைகுறையானது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: பிள்ளை விழுந்தால் எதன் மேல் விழும்? விழும்போது பார்த்துக்கொண்டிருப்பது யார்? இந்த இரண்டுக்கும் பதில் இருக்கும் இடத்தில் ஏணியை வைக்கலாம். அது கூரைக்குக் கீழே இருந்தாலும் சரி, வானத்துக்குக் கீழே இருந்தாலும் சரி.

மறுநாள் காலை நான் சொன்ன முடிவு இதுதான். வரவேற்பறைக்கு முக்கோண ஏணி வாங்குவது. உயரம் 32 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சன்னலிலிருந்தும் அலமாரியிலிருந்தும் தள்ளி, அறையின் நடுவில் வைப்பது. கீழே நுரைப்பாய்க்குப் பதிலாக விருந்தினர் அறையில் சும்மா கிடக்கும் தடித்த மெத்தையைப் போடுவது. அப்பாவின் நாற்காலி அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் நாற்காலியில் இல்லாதபோது ஏணி மடக்கி வைக்கப்பட வேண்டும். சன்னலுக்கு அடியில் இருக்கும் சோபாவை எதிர்ச்சுவருக்கு நகர்த்துவது. வெளியே இரும்புச் சட்டம் வேண்டாம். அதற்குப் பதிலாக வாரத்தில் மூன்று மாலையாவது அத்தான் பிள்ளைகளைத் தாமான் திடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே ரப்பர்த் தரை போட்டிருக்கிறார்கள். உயரத்துக்கு ஏங்கும் மகளுக்கு அங்கே தொங்கும் கம்பிகளும் உண்டு. போனதும் கம்பியில் துரு, கழன்ற திருகு, கிழிந்த தரை இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்பது அவர் பொறுப்பு. யாராவது கம்பியில் கயிறு கட்டி வைத்திருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. சைக்கிள் தலைக்கவசம் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டே ஏறவிட வேண்டும். கம்பிகளுக்கிடையே கவசம் மாட்டிக்கொண்டால் அதன் வாரே கழுத்தை இறுக்கும்.

"பொம்பளப் பிள்ளைய எல்லாரும் பாக்கற திடல்ல தொங்க விடறதா?" என்று அக்காள் இழுத்தார். அப்பாதான் பதில் சொன்னார்: "உங்கம்மா தலையில பால் வாளியத் தூக்கிக்கிட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறலையா? தொங்கட்டும் விடும்மா. கைக்கு பலம் வரும்." அதற்கு மேல் பேச்சில்லை.

அத்தான் இரண்டு நாள்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு வெல்டிங் கடைக்காரருக்குத் தொலைபேசி செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏணி வந்து சேர்ந்த அன்று, திருகுகளை முடுக்கியவரும் அவர்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை நாள்களில் அக்காள் அந்த ஏணியின்மேல் துணி காயப்போடுகிறார். பையன் இன்னும் சில வேளைகளில் கிரில்லை ஒரு பார்வை பார்க்கிறானாம். அத்தான் வேலை முடிந்து களைப்போடு வரும்போது மூன்று மாலை என்பது ஒரு மாலையாகச் சுருங்கிவிடுகிறது. ஆனாலும் ஏணிக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இருக்கிறது. செய்தி நேரத்தில் அதன் முகம் தொலைக்காட்சிப் பக்கம் திரும்புவதில்லை.

நம்மில் பலரின் பெற்றோர் தோட்டத்து மரங்களில் ஏறி வளர்ந்தவர்கள். நம் தம்பி தங்கைகளும் மருமக்களும் மரமில்லாத தாமான்களில் வளர்கிறார்கள். "அந்தக் காலத்துல நாங்க விழாததா?" என்று வீரம் பேசுவது எளிது. விழுந்தவர்களின் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த வீரம் குறையும். அதற்காக, பயந்துகொண்டு பிள்ளைகளைத் தரையிலேயே கட்டிப்போடுவதும் தீர்வாகாது. ஆனைக்கும் அடி சறுக்கும், பிள்ளைக்குச் சறுக்காதா? சறுக்கும் என்று தெரிந்தே தரையைத் தயார் செய்ய வேண்டும்.

சென்ற வாரம் வீட்டுக்குத் தொலைபேசி செய்தபோது அப்பா எடுத்தார். பேத்தி திடலில் தொங்கும் கம்பியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடந்துவிட்டாளாம். கடைசிக் கம்பியில் கை நழுவி விழுந்தும் விட்டாளாம். எழுந்து மறுபடியும் போய்த் தொங்கினாளாம். "கீழ தரை எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஏறுறதுக்கு முன்னாடியே மிதிச்சுப் பாத்துட்டேன்" என்றார் அப்பா.